இரண்டு சுரமும் லுகேனிக்கு

லுகேனியிடம் தலை பின்னிக்கொள்ள வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. தலையைக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போகிறவர்கள் ஒரு ரகம். "அக்கா, இது தலை, செல்லோ இல்லை" என்று நினைவூட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். மூன்று மாதமாக, கின்ஷாசாவின் மசினா பேட்டையில், இரண்டாவது ரகம்தான் பெருகிக்கொண்டு வந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வந்தவள் குட்டை முக்காலியில் லுகேனியின் முழங்கால்களுக்கு நடுவே, செல்லோ என்கிற அந்தப் பெரிய வயலின் நிற்கும் இடத்தில், உட்கார்ந்த மறுநிமிடமே லுகேனியின் இடது கைக்கு இடம் மறந்துவிடும். கட்டை விரல் வகிட்டின் மேல் படுக்கும். மோதிர விரல் கொஞ்சம் தள்ளி அழுந்தும். இரண்டும் சேர்ந்து உச்சியிலிருந்து நெற்றியை நோக்கி நழுவும். போகப் போக இரண்டுக்கும் நடுவில் இடைவெளி குறுகும். வலது கையில் சவுரி முடி பாவமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

"அக்கா, எவ்வளவு நேரம்?"

"எட்டுக் கட்டம்தான். ஆடாம உக்காரு."

அந்த எட்டுக் கட்டம்தான் அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அவள் வாசிக்கும் இசைக்குழுவுக்கு இருபது வயது நிறைகிறது. அதற்காக நடத்துநர் பாவோன் ஒரு நீண்ட உருப்படி எழுதியிருந்தார். பகலில் மருந்துக்கடை, சாயங்காலம் இசைக்குழு என்று இருக்கிற மனிதர். உருப்படியின் நடுவில் எல்லோரும் வாத்தியத்தை இறக்கிவிட வேண்டும். வயலின்கள் இல்லை, ஊதுகுழல்கள் இல்லை. தாளில் கோடு போட்டுப் பிரித்த எட்டே எட்டுக் கட்டத்துக்கு ஒற்றைச் செல்லோ மட்டும். அதுவும் ஆக்டேவ். அதாவது ஒரே சுரத்தைக் கீழேயும் மேலேயும் ஒரே நேரத்தில் வாசிப்பது. கட்டை விரல் ஒரு தந்தியில் கீழ்ச்சுரத்தைப் பிடிக்கும், மோதிர விரல் பக்கத்துத் தந்தியில் மேல்சுரத்தைப் பிடிக்கும், வில் இரண்டையும் ஒன்றாக இழுக்கும். சரியாக விழுந்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். ஒரு மயிரிழை பிசகினால் போதும், கேட்கிறவனுக்குப் பல் கூசும்.

அந்தக் குழுவில் இதுவரை யாரும் ஆக்டேவைத் தனியாக வாசித்தது கிடையாது. பாவோன் விடமாட்டார். இரட்டைச் சுரம் எங்கே வந்தாலும் பென்சிலை எடுத்து, "மேலே நீ, கீழே நீ" என்று இரண்டு பேருக்குப் பங்கு போட்டுவிடுவார். பத்திரமான வழி. பதினோரு வருடமாக லுகேனிக்குக் கிடைத்ததெல்லாம் பங்குதான். இந்த எட்டுக் கட்டத்தையும் அவர் பங்கு போடப் பென்சிலை எடுத்தார். அப்போதுதான் லுகேனி எழுந்து நின்று, "ஐயா, ரெண்டும் எனக்கே வேணும்" என்றாள். மொத்தக் குழுவும் திரும்பிப் பார்த்தது. எழுந்து நின்றதில் அவளுக்கே அதிர்ச்சிதான்.

"சுருதி சேர்ந்தா உனக்கு. சேரலேன்னா கீழ்ச்சுரம் ஓர்த்தான்ஸுக்கு" என்றார் பாவோன்.

ஓர்த்தான்ஸ் லுகேனியோடு ஒரே தாங்கியில் தாள் வைத்துச் செல்லோ வாசிக்கிறவள். சந்தையில் கருவாடு விற்பாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவள் வில்லில் கருவாட்டு வாசனை போகாது. அவள் சிரித்தால் பின்வரிசை ஊதுகுழல்காரர்கள் தாளம் தவறுவார்கள்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும், முதல் தலை வருவதற்கு முன்னால், வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்ப் பீப்பாய் பக்கத்தில் உட்கார்ந்து லுகேனி பழகினாள். கட்டை விரலின் பக்கவாட்டில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போனது. பக்கத்துக் கொட்டகையில் அவள் புருஷன் கியாலா மோட்டார் சைக்கிள்களுக்கு வைத்தியம் பார்ப்பான். அங்கிருந்தே, மகள் பிளமேதியின் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டு, குரல் கொடுப்பான்.

"பிளமேதியம்மா! சூப்பர்! ரெண்டு சுரமும் தனித்தனியா கணீர்னு கேக்குது!"

லுகேனி பல்லைக் கடித்துக்கொள்வாள். தனித்தனியாகக் கேட்டால் தப்பு என்று அர்த்தம். அது பாராட்டு இல்லை, குற்றப்பத்திரிகை. ஆனால் இதை அவனிடம் எப்படிச் சொல்வது? கையெல்லாம் கிரீஸோடு, கொட்டகை ஓரத்தில் தலையை நீட்டி, முகம் கொள்ளாத சிரிப்போடு நிற்கிறவனிடம்? "சரி சரி, வேலையைப் பாருங்க" என்பாள். அவன் தலை உள்ளே போய்விடும்.

சொல்லப்போனால் தப்பில் பாதி அவனுடையதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் செல்லோவில் மேல்சுரம் பிடிக்கிற முதல் தந்தி அறுந்தது. கின்ஷாசா முழுக்க அலைந்தும் வேறு கிடைக்கவில்லை. கியாலா ஒரு கிளட்ச் கேபிளைப் பிரித்து, அதிலிருந்து கம்பி எடுத்து முறுக்கி, தந்தியாகக் கட்டிக் கொடுத்தான். குரல் கொஞ்சம் கரகரத்தாலும் வேலை செய்தது. குழுவே கைதட்டியது. ஆனால் அந்தக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு. மேலே போய் அழுத்தினால், அழுத்தின இடத்துக்கு உரிய சுருதியைவிட ஒரு நூல் கூடுதலாகக் கத்தும். அதனால் லுகேனியின் மோதிர விரல், இருக்கவேண்டிய இடத்துக்கு ஒரு நூல் முன்னாலேயே நிற்கப் பழகிக்கொண்டது.

பின்னல்காரியின் கை அது. ஒரு தடவை அளந்தால் ஆயுசுக்கும் மறக்காது. அடிகோல் இல்லாமல் நாற்பது வகிடு எடுத்தாலும் நாற்பதும் ஒரே அகலமாக இருக்கும். ஆக்டேவையும் அவள் அப்படித்தான் கற்றாள். இந்தச் சுரத்துக்கு இவ்வளவு அகலம், அடுத்ததுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு இடைவெளியையும் விரலுக்குள் ஏற்றிக்கொண்டாள். பதினோராவது வாரம், செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் எட்டுக் கட்டமும் பிசகில்லாமல் விழுந்தது. பாவோன் பென்சிலைச் சட்டைப் பையில் போட்டார்.

"ரெண்டும் உனக்குத்தான் லுகேனி. ஞாயித்துக்கிழமை இதே மாதிரி வாசிச்சுடு, போதும்."

வீட்டுக்கு வந்து அவள் கியாலாவிடம் அதைச் சொன்னபோது அவன் தட்டிலிருந்த ஃபுஃபுக் களியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"பங்கு கிடையாது?"

"கிடையாது."

அவன் மகள் பிளமேதியைத் தூக்கிச் சுற்றினான். ஒன்பது வயதுப் பெண் கால் இரண்டும் பானையில் இடிக்கக் கத்தினாள். பிறகு தெருவில் போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தான். ஆக்டேவ் என்றால் என்னவென்று அந்த நாலு பேருக்கும் தெரியாது, அவனுக்கும் பெரிதாகத் தெரியாது. பெண்டாட்டிக்கு இரண்டு கிடைத்தது, மற்றவர்களுக்கு ஒன்றுதான் என்பது மட்டும் தெரியும். அது போதுமே.

வியாழக்கிழமை லுகேனி சந்தையிலிருந்து மரவள்ளி இலை வாங்கிக்கொண்டு திரும்பினாள். கியாலா செல்லோவை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். குளித்து, சட்டை மாற்றியிருந்தான். பகல் இரண்டு மணிக்கு அவன் குளித்திருக்கிறான் என்றால் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம்.

"கண்ணை மூடு."

"இலை வாடிப்போகும், என்னன்னு சொல்லுங்க."

"மூடேன்!"

திறந்தபோது செல்லோவில் ஒரு புதுத் தந்தி மின்னியது. நிஜமான தந்தி. கடையில் காகித உறையில் வருமே, நுனியில் நூல் சுற்றியிருக்குமே, அது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற பிராஸாவுக்குப் போய்வருகிற படகில் வேலை செய்யும் ஒருவனிடம் நாலு மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தானாம். அந்த ஆளின் ஓட்டை மோட்டார் சைக்கிளை மூன்று தடவை சும்மாவே பழுது பார்த்துக் கொடுத்தானாம். யாருடைய பெட்டியிலோ, எந்த ஊரிலிருந்தோ வந்து சேர்ந்திருந்தது.

"ரெண்டு சுரம் வாசிக்கிறவளுக்குக் கிளட்ச் கம்பியா? ஊர் சிரிக்காது?" என்றான் கியாலா. அவன் கண் பளபளத்தது.

லுகேனி இலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். அப்படியே உள்ளே போய் உட்கார்ந்து வில்லை எடுத்து முதல் ஆக்டேவை இழுத்தாள்.

மேல்சுரம் தாழ்ந்து கிடந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே. விரல்கள் மூன்று மாதம் அளந்த அளவில் துல்லியமாக நின்றன, அந்த அளவே தப்பு. புதுத் தந்தி யோக்கியமான தந்தி, அழுத்தின இடத்துக்கு உரிய சுருதியை மட்டும்தான் கொடுக்கும். அவள் கைதான் கம்பியின் கோணலுக்கு ஏற்பக் கோணலாகியிருந்தது.

"எப்படி?" என்றான் கியாலா.

"நல்லா... இருக்கு. குரல் எவ்வளவு சுத்தமா இருக்கு!" அதில் பொய் இல்லை. "பழைய கம்பி எங்க? பத்திரமா வெச்சிருக்கீங்களா?"

"அதையா? முடிச்சு கழலவே இல்ல. கட்டரால மூணா நறுக்கிட்டேன். ஒரு துண்டு சைலென்சர் கட்ட உதவிச்சு."

லுகேனி இலை நறுக்கப் போனாள். அன்று குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தலைகள். இசைக்குழுவின் பெண்கள் எல்லோருக்கும் கச்சேரிக்கு ஒரே மாதிரிப் பின்னல், அதை லுகேனிதான் பின்ன வேண்டும் என்பது அவள் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே வழக்கம். கடைசியாக உட்கார்ந்தது ஓர்த்தான்ஸ்.

"ஏய், வகிடு கோணுதுடி."

"ஒண்ணும் கோணல."

"தலை என்னுது. எனக்குத் தெரியாதா? என்ன, கியாலா ஏதாவது சொன்னாரா?"

"அவர் சொன்னாத்தான் பரவாயில்லையே. கொண்டாந்து கொடுத்திருக்காரு." லுகேனி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பின்னிக்கொண்டே சொன்னாள். இல்லாவிட்டால் அழுதிருப்பாள்.

ஓர்த்தான்ஸ் சிரித்ததில் முக்காலி கிடுகிடுத்தது. பிறகு பட்டென்று நிறுத்தினாள்.

"வேற கம்பி கட்டித் தரச் சொல்லு."

"என்னன்னு சொல்லி? நாலு மாசம் அலைஞ்சு நீங்க கொண்டுவந்தது வேண்டாம், குப்பைக் கம்பியே கொடுங்கன்னா? அப்படியே கொடுத்தாலும் அது வேற கோணல் கோணும்."

"தந்தியைக் காட்டினப்போ அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரி."

"அப்போ நீ செத்தே, சொல்லவே முடியாது." ஓர்த்தான்ஸ் கழுத்தைத் திருப்பப் பார்த்தாள், லுகேனி தலையைப் பிடித்து நேராக்கினாள். "சரி, இதைக் கேளு. கீழ்ச்சுரத்தை நான் வாங்கிக்கறேன். மேல்சுரத்தை நீ கவனி. ஒரு சுரம்தானே, ரெண்டு நாள்ல சரி பண்ணிடுவே. கேக்கறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"இவ ஒருத்தி!"

"ஓர்த்தான்ஸ், நான் வீட்டுல ஏழாவது. பாயில பாதி, தட்டுல பாதி. பள்ளிக்கூடத்துல ஒரு பெஞ்சுல நாலு பேரு. செருப்புகூட அக்காவும் நானும் மாத்தி மாத்திப் போட்டோம். இப்பகூட தாள் வைக்கிற தாங்கியில பாதி உன்னுது. நான் குறை சொல்லல. ஒரே ஒரு தடவை, எட்டே எட்டுக் கட்டம், முழுசா எனக்குன்னு வேணும். அவ்வளவுதான்."

ஓர்த்தான்ஸ் தலையை நேராக நிமிர்த்திக் கொடுத்தாள்.

"இழுத்துப் பின்னுடி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் நிக்கணும்" என்றாள் கடைசியில்.

அன்று மாலை லுகேனி பழகினாள். புது அளவு எடுக்கப் பார்த்தாள். மோதிர விரலை ஒவ்வொரு இடத்திலும் ஒரு நூல் தள்ளி வைத்தாள். ஒரு நூல் என்பது கீழே ஒன்று, மேலே போகப் போக வேறொன்று. போதாததற்குப் புதுத் தந்தி இளகிக்கொண்டே இருந்தது. தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகிச் சரி செய்த ஐந்து நிமிடத்தில் மறுபடி இறங்கும். புதுத் தந்தி என்றால் ஒரு வாரம் அப்படித்தான். மூன்று மாதம் எடுத்த அளவை இரண்டு நாளில் அழித்து எழுத எந்தக் கையாலும் ஆகாது. கொட்டகையிலிருந்து கியாலா கத்தினான்: "முன்னைவிட நல்லா இருக்கு! இப்போ இன்னும் தனித்தனியா கேக்குது!" லுகேனி வில்லைக் கீழே வைத்துவிட்டு இடுப்புத் துணியில் முகத்தைத் துடைத்தாள்.

சனிக்கிழமை விடியலில் வழக்கம்போல மூவரும் பாயில் உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். ஜெபம் முடிந்தால் ஒரு பாட்டு. தொடங்குவது கியாலாவின் உரிமை. அவனுக்குச் சுருதி என்பது வானிலை மாதிரி, அன்றைக்கு எப்படியோ அப்படி. தொண்டையைச் செருமி எங்கேயோ ஓரிடத்தில் தொடங்கினான். லுகேனி பாட்டுக்குள் நுழைந்தாள். அவன் குரல் கீழே, அவள் குரல் மேலே. நாலு சரணம். சரணத்துக்குச் சரணம் கியாலா இறங்கிக்கொண்டே வந்தான், அவன் எப்போதும் அப்படித்தான்.

பாட்டு முடிந்ததும் பிளமேதி சொன்னாள்: "அப்பா ஆரம்பிச்ச இடம் ஒண்ணு, முடிச்ச இடம் ஒண்ணு. அம்மாவும் கூடவே இறங்கிடுறாங்க. நான்தான் நடுவுல மாட்டிக்கறேன்."

"அம்மா எங்க இறங்கினா? சரியாத்தானே பாடினா?" என்றான் கியாலா.

"உங்களோட சரியா இருந்துச்சு. பாட்டோட சரியா இல்ல."

கியாலா அவள் காதைப் பிடித்துத் திருகினான். லுகேனி மட்டும் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருடமாகத் தினமும் விடியலில் அவள் வாசித்துக்கொண்டிருந்தது, இல்லை, பாடிக்கொண்டிருந்தது ஆக்டேவ்தானே! ஒரு நாள்கூட அளந்ததில்லை. இந்த மனுஷன் குரலுக்கும் தன் குரலுக்கும் எவ்வளவு தூரம் என்று அவள் யோசித்ததே இல்லை. அவன் எங்கே நிற்கிறான் என்று கேட்டாள், அங்கே போய் நின்றாள். அவன் இறங்கினால் இவளும் இறங்கினாள். இறங்கியதுகூடத் தெரியவில்லை.

அவள் கொல்லைப் பக்கம் ஓடினாள். பீப்பாய் பக்கத்தில் உட்கார்ந்து, வில்லின் எடையைக் கீழ்த் தந்தியின் மேல் வைத்தாள். இதுவரை அவள் காது எப்போதும் மேல்சுரத்தின் மேல்தான் இருந்தது, கட்டை விரல் சும்மா ஊன்றிக் கிடந்தது. இப்போது கட்டை விரலைக் கேட்டாள். அது ஒரு ஆள். அது கியாலா. கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும், பரவாயில்லை. மோதிர விரலை அந்தக் குரலுக்குள் மெல்ல ஊர விட்டாள். கரகரத்தது, ஆடியது, ஆட்டம் தணிந்தது, திடீரென்று மேல்சுரம் காணாமல் போனது. கீழ்ச்சுரம் மட்டும் வெளிச்சம் போட்டதுபோல் நின்றது. லுகேனிக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிளட்ச் கம்பியில் ஒரு நாளும் அது இப்படிக் கரைந்ததில்லை. சுருதி சேர்ந்தாலும் கம்பியின் கரகரப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இந்தத் தந்தியால்தான் இது முடிந்தது.

முடிந்தது என்றால் ஒரு சுரத்தில் முடிந்தது. எட்டுக் கட்டத்தில் முப்பதுக்கு மேல் சுரம் உண்டு. சனிக்கிழமை ஒத்திகையில் கைக்கும் காதுக்கும் சண்டை நடந்தது. ஐந்து கட்டத்தில் காது ஜெயித்தது, மூன்று கட்டத்தில் பழைய கை. பாவோனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. செவ்வாய்க்கிழமை கேட்டதை அவரால் மறக்க முடியவில்லை, இன்று கேட்டதையும் நம்ப முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார், வைத்தார்.

"லுகேனி, நாளைக்கு ஆயிரம் பேர் வராங்க. ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம். ஓர்த்தான்ஸ் வில்லைத் தயாரா வெச்சிருக்கட்டும். முதல் ரெண்டு கட்டம் கேப்பேன். சரியில்லேன்னா ஓர்த்தான்ஸைப் பார்ப்பேன். பார்த்தா அவ கீழ்ச்சுரத்தை எடுத்துக்கணும், நீ மேலே போயிடணும். யாருக்கும் தெரியாது. சரியா?"

"சரி ஐயா" என்றாள் ஓர்த்தான்ஸ். லுகேனி தலையை மட்டும் ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. ஜன்னல் கம்பிகளிலும் ஆட்கள். குழுவின் பெண்கள் எல்லோருக்கும் ஒரே பின்னல், ஒரே துணியில் தைத்த உடுப்பு. மூன்றாவது வரிசையில் கியாலா பிளமேதியை மடியில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு விரலைக் காட்டிச் சொன்னான். என்ன சொல்கிறான் என்று லுகேனிக்கு மேடையிலிருந்தே தெரிந்தது.

அனல். வெயிலுக்கும் கூட்டத்துக்கும் சேர்த்து மண்டபம் வெந்தது. உருப்படி தொடங்கி வேகம் எடுத்தது. எட்டுக் கட்டத்துக்கு முந்தின பக்கத்தில் லுகேனிக்குப் புதுத் தந்தியை விரல் வைக்காமல் இழுக்கும் ஓர் இடம் உண்டு. இழுத்தாள். தந்தி இறங்கிக் கிடந்தது. நூல் கணக்கில் இல்லை, நன்றாகவே இறங்கியிருந்தது. பிருடையைத் தொட நேரமில்லை. பக்கத்தில் ஓர்த்தான்ஸுக்கும் கேட்டுவிட்டது, மூச்சை இழுத்தது தெரிந்தது.

இப்போது பழைய அளவு, புது அளவு எதற்கும் வேலையில்லை. அளந்து வைத்தால் மானம் போகும். வயலின்கள் நின்றன. ஊதுகுழல்கள் நின்றன. ஆயிரம் பேரும் மூச்சு விடாமல் இருப்பதுபோல ஓர் அமைதி. லுகேனி கட்டை விரலை ஊன்றினாள், கண்ணை மூடினாள், பாயில் உட்கார்ந்து தொண்டையைச் செருமும் மனுஷனைக் கேட்டாள்.

முதல் சுரம் நின்றது. மோதிர விரல் இதுவரை போகாத தூரத்துக்கு நீண்டது, எவ்வளவு தூரம் என்று அவள் பார்க்கவில்லை. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதில் லேசாக ஆடி, அடங்கியது. தந்தி இறங்கிக்கொண்டே இருந்தது, விரல் அதன் பின்னாலேயே போனது. இரண்டாவது கட்டத்தின் முடிவில் அவள் கண்ணைத் திறந்தபோது பாவோனின் தலை ஓர்த்தான்ஸ் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம். பதினோரு வருடமாகப் பங்கு போட்ட மனிதர்.

ஓர்த்தான்ஸ் அவரைப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து, சுருளாத தாளின் முனை சுருண்டுவிட்டதுபோலக் குனிந்து அதை நீவ ஆரம்பித்தாள். வில் அவள் மடியில் கிடந்தது. மூன்றாவது கட்டம் முழுக்க நீவினாள், நாலாவது கட்டத்திலும் நீவினாள். ஐந்தாவதில் பாவோன் தலையைத் திருப்பிக்கொண்டார். எட்டாவது முடிகிறபோது அவர் கைகள் காற்றில் அசையாமல் நின்றன, வயலின்களுக்குச் சைகை காட்டவே ஒரு கணம் மறந்துபோனார்.

கச்சேரி முடிந்து கைதட்டல், மாலை, படம் பிடித்தல் எல்லாம் ஆயிற்று. ஓர்த்தான்ஸ் லுகேனியின் முதுகில் அடித்த அடியில் இருமல் வந்தது. "தாளு சுருண்டுச்சுடி, நான் என்ன பண்ண?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பாவோன் வந்து நின்றார், சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து லுகேனியின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் செல்லோவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் கியாலா நின்றான். முகம் தொங்கிப்போயிருந்தது. பிளமேதி மிக்காத்தே போண்டாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு அப்பாவை விநோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?" என்றாள் லுகேனி. இறங்கின தந்தி இவனுக்குமா தெரிந்துவிட்டது?

"நீ வீட்டுக்கு நட. எனக்கு அந்த பாவோன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்."

"அவரு என்ன பண்ணாரு?"

"என்ன பண்ணாரா? நீ எதையும் வாய் திறந்து கேக்கமாட்டே. கடைசி நேரத்துல பிடுங்கிட்டாருல்ல? பக்கத்துல இருந்தவங்ககிட்டல்லாம் ரெண்டு, ரெண்டுன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கேன். ஓர்த்தான்ஸும் வில்லைத் தூக்கல, உனக்கும் கொடுக்கல. அப்போ இன்னொண்ணு எங்க போச்சு?" அவன் குரல் உடைந்தது. "மூணு மாசம் கட்டை விரல் கிழிஞ்சு போச்சு உனக்கு. நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்? கடைசியில ஒண்ணுதான் கொடுத்தாங்க. காதால கேட்டேனே, எட்டுக் கட்டமும் ஒண்ணே ஒண்ணுதான்."

லுகேனி செல்லோவை மோட்டார் சைக்கிளில் சாய்த்துவிட்டு, அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிரிப்புதான் முதலில் வந்தது, அதற்குப் பின்னாலேயே அழுகை வந்தது.

"எத்தனை கேட்டுச்சு உங்களுக்கு?"

"ஒண்ணு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பிளமேதி மேல சத்தியமா ஒண்ணுதான் கேட்டுச்சு." அவளுக்காக அவன் அழுதுவிடுவான் போலிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் லுகேனி.